கம்பத்தில் உன் முகம்

காலையில் அலுவலக ஜன்னலைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. புது ஃபிளெக்ஸ் வாடை. அச்சடித்து முழுசாகக் காயாமல் சுருட்டிக் கொண்டுவந்து பிரிக்கும்போது மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்கும் கலந்தாற்போல ஒன்று வருமே, அதுதான். கீழே தையற்கடை வாசலில் இரண்டு பேர் ஏணி போட்டு, யார் வீட்டுக் காதுகுத்துக்கோ தெருவிளக்குக் கம்பத்தில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் வாடை போகவில்லை. உன் மேஜைப் பக்கம் திரும்பினேன். நீ இல்லை என்பதை இன்னொரு முறை தெரிந்துகொண்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ இருந்திருந்தால் இந்நேரம் கீழே இறங்கிப் போயிருப்பாய். "தலிவா, அடில மண்ணு இன்னா நெலமைல கீதுன்னு பாத்தியா?" என்று ஆரம்பித்து, அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் குழந்தைகளின் பெயரையெல்லாம் விசாரித்து, கடைசியில் பேனரைக் கடைச் சுவரில் கட்ட வைத்துவிட்டுத்தான் மேலே வருவாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று கத்துவேன், இல்லாவிட்டால் ஜன்னலைச் சாத்துவேன்.

நாம் செய்த வேலையை ஒருவருக்கும் ஒரே மூச்சில் விளக்க முடிந்ததில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்றால் எந்த அடுக்குமாடி என்று கேட்பார்கள். நாம் கம்பங்களுக்கு அஸ்திவாரம் கணக்குப் போட்டோம். விளக்குக் கம்பம், சிக்னல் கம்பம், கேமரா கம்பம், செல்போன் கம்பம் எல்லாம் காற்றில் சாயாமல் நிற்க மண்ணுக்குள் எத்தனை ஆழம், எத்தனை அகலம் போக வேண்டும் என்பது நம் பிழைப்பு. மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்தில் என் அத்தை எல்லோர் எதிரிலும், "இவ்வளவு படிச்சுட்டு இவ கம்பம் நட்டுண்டிருக்கா" என்று சொன்னாள். அதை உன்னிடம் பொருமிக்கொண்டே சொன்னபோது உனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "எங்கூட்ல அதுகூடப் புரில மாமி. நான் கரண்டு ஆபீஸ்ல கீறேன்னு நெனச்சிக்கினு, லைட்டு போச்சுன்னா தெருவே எனக்கு போன் பண்ணுது" என்றாய்.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, என்னை மாமி என்று கூப்பிடாதே என்று உன்னிடம் எத்தனை தரம் சண்டை போட்டிருப்பேன். தி.நகரில் நாம் முதலில் வேலை பார்த்த பெரிய கம்பெனியில் என்னை முதல் நாளே அப்படிக் கூப்பிட்டாய். அங்கே யாருக்கும் வேண்டாத வேலைகளை நம் இருவர் தலையில் கட்டினார்கள். சைதாப்பேட்டை ஆற்றோரத்துப் பையனும் மயிலாப்பூர் பெண்ணும் கம்பத்தோடு கிடக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். கிடந்தோம். பிறகு அசோக் நகரில் இந்தத் தையற்கடை மாடியில் இரண்டு அறை பிடித்து நாமே பலகை மாட்டினோம். திறப்பு விழாவன்று எடுத்த புகைப்படத்தில் நீ வெள்ளைச் சட்டையில் பல் தெரியச் சிரிக்கிறாய். பக்கத்தில் நான் நீலப் புடவையில் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வேலையில் பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. காற்று மேலே தள்ளுகிறது. கீழே மண் பிடித்துக்கொள்கிறது. கம்பம் சாய வேண்டுமானால் பக்கத்து மண்ணை நெட்டித் தள்ளிக்கொண்டுதான் சாய வேண்டும். மண் விட்டுக்கொடுக்காத வரைக்கும் கம்பம் நிற்கும். "மண்ணுதான் ஆபீசரு, நாம கிளார்க்கு" என்பாய். குழி தோண்டியதும் உள்ளே இறங்கிப் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாய். பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த முடிவு கையில் இருக்கும்போதே இதைச் செய்வாய். எதற்கு என்று கேட்டால், "மரியாதைக்கு" என்பாய்.

கொட்டிவாக்கத்தில் கடலோரத் தெருக்களுக்குக் கேமரா கம்பங்கள் போட்டோமே, அப்போதுதான் நீ அந்தக் கட்டத்தை முதன்முதலாக வரைந்தாய். வரைபடத்தில் கம்பத்தின் நடுவயிற்றில் ஒரு செவ்வகம். ஒப்பந்தக்காரர் பேனாவால் அதைத் தட்டி, "இது இன்னா சார் டப்பா?" என்றார்.

"அது பொறந்தநாள் வாழ்த்து" என்றாய் நீ.

அவருக்குப் புரியவில்லை. நீ நிதானமாக விளக்கினாய். இந்த ஊரில் ஒரு கம்பமும் தனியாக நிற்காது. நட்ட மறுவாரமே யாராவது எதையாவது கட்டுவார்கள். பிறந்த நாள், மஞ்சள் நீராட்டு, கோவில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி. கம்பம் ஒல்லியானது, அதில் காற்றுக்குப் பிடிமானம் குறைவு. பேனர் கட்டினால் பாய்மரம் மாதிரி மொத்தக் காற்றையும் வாங்கிக்கொள்ளும். அதையும் சேர்த்துத்தான் அஸ்திவாரம் போட்டிருக்கிறோம் என்றாய்.

"கம்பத்துல போர்டு கட்டக் கூடாதுன்னு ரூல் கீது சார்."

"காத்துக்கு யாருபா ரூல் படிச்சுக் காட்றது?"

அவர் என்னைப் பார்த்தார். கணக்கை நான்தான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். நான் முறைத்தேன். முறைப்பதற்கு என்னை வைத்திருந்தாய், சிரிப்பதற்கு நீ இருந்தாய். நம் அலுவலகம் அப்படித்தான் ஓடிற்று.

பேனரில் அரைவட்டமாகக் கிழித்து ஓட்டை போடுவார்களே, காற்று அதன் வழியே போய்விடும் என்று, அதைப் பார்த்தால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாலு ஓட்ட போட்டுட்டா காத்து டிக்கெட் வாங்கிக்கினு வரிசையா உள்ள பூந்து போயிடும்னு நெனச்சிக்கினு கீறானுங்க" என்பாய். வண்டியில் போகும்போது பாதித் தெருவுக்கு இதே புலம்பல். உன் தம்பி கல்யாணத்தன்று, மண்டபத்து வாசலில் அவனும் மணப்பெண்ணும் நிற்கிற பெரிய பேனரை உன் கையாலேயே அவிழ்த்தாய். கம்பம் பழசு, அடியில் துரு என்றாய். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை முகம் தொங்கிப்போனது. வெகுநாள் அவன் உன்னோடு பேசவில்லை.

ஒவ்வொரு புயலும் ஓய்ந்த மறுநாள் காலையில் உன் வண்டியில் போய் நம் கம்பங்களைப் பார்த்து வருவோம். நான் அடியில் மண் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். நீ கம்பத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பாய். கடல் காற்றுக்கு இரும்புக் கம்பம் லேசாக முனகும். "ஏம்ப்பா, கம்பத்துகிட்ட என்ன ரகசியம் பேசிண்டிருக்கே? ஜனங்க பார்க்கறா" என்று அதட்டுவேன். "நீ கேளேன், நல்லா பாடுது" என்று இழுப்பாய். நான் ஒரு நாளும் காதை வைத்ததில்லை. எனக்குக் கூச்சம்.

இப்போது வைக்காமலேயே கேட்கிறது. மயிலாப்பூர் குளக்கரையில் நடந்துபோகும்போது கேட்கிறது. அடையாறு பாலத்தில் பஸ் நின்றால் கேட்கிறது. காற்று சற்றுத் தூக்கி அடித்தால் போதும், எந்தக் கம்பத்திலிருந்தோ நீ தொண்டையைச் செருமுகிற சத்தம். ஒரு நாள் ஆள் நடமாட்டமில்லாத தெருவில் ஒரு கம்பத்தில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். கம்பங்கள் ஏன் முனகுகின்றன என்பதற்கு என்னால் பக்கம் பக்கமாகக் கணக்கு எழுத முடியும். பயம் என்னவோ போகவில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்றாயாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம். உன் தம்பி போனில், "அக்கா, அண்ணன் போய்ட்டான்க்கா" என்றான். எங்கே போனான் என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். சைதாப்பேட்டையில் உன் சந்துக்குள் நுழைந்தபோது மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நான் உனக்கு என்ன உறவு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான். அழுகிற பெண்கள் பக்கமும் உட்காராமல், நாற்காலி போட்ட ஆண்கள் பக்கமும் போகாமல், ஒரு சுவரோரமாக நின்றேன். சாயங்காலம்வரை நின்றேன்.

மறுவாரம் காரியத்துக்குப் போனபோது சந்துமுனை விளக்குக் கம்பத்தில் நீ தொங்கிக்கொண்டிருந்தாய். கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து. கீழே உன் தெருப் பையன்களின் வட்ட வட்டமான படங்கள், ஒருவன் கறுப்புக் கண்ணாடியோடு, ஒருவன் காதில் போனோடு. நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் உன் முகம். அலுவலகத் திறப்பு விழாவில் எடுத்த அதே படம். என்னை வெட்டி எடுத்திருந்தார்கள். முழுசாக வெட்ட முடியவில்லை. உன் வலது கைப்பக்கம், பேனர் ஓரத்தில், நீலப் புடவை போட்ட ஒரு தோள் மட்டும் மிச்சம் இருந்தது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. உன்னோடு நானும் கொஞ்சம் அந்தக் கம்பத்தில் தொங்கினேன்.

எனக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ வாழ்நாளெல்லாம் கரித்துக்கொட்டிய சமாசாரத்தில் உன்னையே ஏற்றிவிட்டார்களே என்று சிரிப்பும் வந்தது. ஆனாலும் காலையில் வேலைக்கு வரும்போது சுற்றிக்கொண்டு அந்த வழியாக வரத் தொடங்கினேன். காற்றில் பேனர் உப்பும்போது உன் கன்னம் உப்பும். காற்று விட்டதும் ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடுவது மாதிரியே இருக்கும். தூரத்திலிருந்தே நடை தயங்கும். அப்படியும் போவேன்.

பிறகு மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினார்கள். கம்பத்தை ஒட்டினாற்போல, சந்தின் பக்கம், நீளமாக ஒரு பள்ளம். வேலை முடிந்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கவில்லை. பொலபொலவென்று கிடந்தது. அங்கே என்ன மண் என்று உனக்குத் தெரியும், நீ ஓடி விளையாடிய ஆற்றோர மண், மழை வந்தால் கூழாகிவிடும். ஒரு சாயங்காலம் போய்க் குனிந்து பார்த்தேன். கம்பத்தின் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி. விரலை விட்டேன். ஈரமாக இருந்தது.

"இன்னா இஞ்சினீரம்மா, எல்லாரும் மேல பாக்குறாங்க, நீ மட்டும் கீழயே பாத்துக்கினு கீற?"

உன் அம்மா. பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, அந்தப் பொலபொல மண்ணின் மேலேயே போட்டு உட்கார்ந்திருந்தார். பேனர் கட்டிய நாளிலிருந்து தினம் சாயங்காலம் அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது. உன் முகம் சந்தைப் பார்த்திருந்தது. அதற்கு நேர் எதிரே அவர். வீட்டில் என்ன குழம்பு, தண்ணீர் லாரி வந்ததா, தம்பி மகள் பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை போட்டாள், எல்லாம் அண்ணாந்து உனக்குச் சொல்வாராம். "மேல பாரு, புள்ள எப்டி சிரிக்கிறான்" என்றார் என்னிடம்.

நான் மேலே பார்த்தேன். நீ சிரித்தாய். கடல் பக்கமிருந்து காற்று வந்து பேனரின் முதுகில் அறைந்தால் கம்பம் எந்தப் பக்கம் சாயும் என்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனசு கணக்குப் போட்டது. சந்துப் பக்கம். மண் எடுத்த பக்கம். நாற்காலி போட்ட பக்கம்.

கம்பத்துக்குரிய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இன்னொரு தரமும் செய்தேன். நேரிலும் போனேன். மழைக்கால வேலை மலையாகக் குவிந்திருக்கிறது, வரிசையில் வருவோம் என்றார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஊரிலுள்ள கம்பமெல்லாம் அவர்கள் தலையில்தான். அதற்குள் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, இரண்டொரு நாளில் புயலாகலாம் என்று செய்தி வந்துவிட்டது. போட்டது போட்டபடி சைதாப்பேட்டைக்கு ஓடினேன்.

"அம்மா, பலமா காத்து வருமாம். இதை இறக்கிடலாம்மா."

அவர் முகத்தைத் திருப்பவில்லை. "வர்ட்டும். வருசா வருசம் வர்றது தான."

"கம்பம் சாஞ்சா நீங்க கீழ இருக்கேளேம்மா."

"ஏன், என் புள்ள என் மேல வுழுவானா?"

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தேன். பிறகு, "அவன் விழமாட்டான்மா. கம்பம்தான் விழும்" என்றேன். அவர் காதில் விழாதது போல முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

சத்தம் கேட்டு உன் தம்பி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் சமாதானமாகப் பேசினான். "அத்தொட்டு பயப்படாதக்கா. ஓட்ட போட்டுர்லாம். காத்து பூந்து போய்க்கினே இருக்கும்." பையிலிருந்து பிளேடைக்கூட எடுத்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையாகவா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

"எங்க போடுவே? மூஞ்சியிலயா?" என்றேன்.

அவன் அண்ணாந்து பார்த்தான். கையிலிருந்த பிளேடைப் பார்த்தான். அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "அவன் மூஞ்சில கத்தி வெச்ச, பெத்த புள்ளன்னு பாக்க மாட்டேன்."

பிளேடு பைக்குள் போனது. ஆனால் இறக்க அவன் ஒப்பவில்லை. என் கண்ணைப் பார்த்து அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "என் கல்யாண பேனர கழட்டுனான்க்கா அவன். அவ்ளோ பேரு முன்னாடி. நான் கோச்சிக்கினு பேசாமகூட இருந்தேன். இப்ப இதயாச்சும் வுட்டு வெக்க மாட்டீங்களா? நல்லா பெர்சா வெக்கணும்னு நான்தான் சைஸ் சொன்னேன்." அவன் கோபமாகத்தான் பேசினான். பேசி முடித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் என்று இருந்தது. நான் யார் இவர்களுக்கு? பிள்ளையின் ஆபீஸில் இருந்தவள். அவர்களுக்கு மிச்சமிருந்த ஒன்றைக் கழற்ற வந்து நிற்கிறேன். கழற்றினால் இனி இந்தச் சந்துக்குள் எனக்கு வேலை இல்லை. உன்னைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு இருந்தது இந்த ஒரே வீடு. கழற்றாவிட்டால் அந்த நாற்காலி அங்கேயே இருக்கும்.

அம்மாதான் கேட்டார். "அவன் இம்மாம் பெர்சா கீறானே, காத்து அட்ச்சா எம்மாம் கனம் இழுக்கும்? நீங்க ரெண்டு பேரும் அதான கணக்கு போட்டுக்கினு இருந்தீங்க? சொல்லு பாப்போம்."

கண்ணால் அளந்தேன். உன் நெற்றியிலிருந்து கறுப்புக் கண்ணாடிக்காரன் வரைக்கும் உயரம். ஒரு காதிலிருந்து என் தோள் வரைக்கும் அகலம். பெருக்கினேன். காற்றின் வேகத்தைப் போட்டேன். இந்த வேலையை எத்தனையோ வருடம் செய்திருக்கிறேன், ஒரு செவ்வகத்துக்கும் இதற்கு முன்னால் முகம் இருந்ததில்லை. விடை வந்தது. அதை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "நாலஞ்சு தடியாளுங்க கம்பத்து உச்சியில கயிறு கட்டி, விடாம இழுத்தா எப்படி இருக்கும், அப்படிம்மா."

அவர் அண்ணாந்து உன்னை அளப்பது போலப் பார்த்தார். பிறகு, "அம்மாம் பெலமா?" என்றார். "அவன் ஒரு கேஸ் சிலிண்டரு தூக்கினது இல்லியே."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். தம்பிகூடத் திரும்பாமலேயே தோளைக் குலுக்கிச் சிரித்தான். சிரிப்பு அழுகையாக மாறுவதற்கு நேரம் ஆகவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மா சொன்னார், "எறக்கு. ஆனா நீயும் கயிறு புடிக்கணும். சொல்லிட்டு கைய கட்டிக்கினு நிக்கக் கூடாது."

மறுநாள் முற்பகலில் இறக்கினோம். வானம் தாழ்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. காற்று விட்டுவிட்டு வந்தது. தம்பி ஏணியில் ஏறினான். பேனர் அடித்திருந்த மரச்சட்டத்தின் ஒரு பக்கக் கயிற்றைப் பையன்கள் பிடித்தார்கள், மறுபக்கம் நான். மேல் முடிச்சுகளை அவன் அறுத்த அந்த நொடியில்தான் ஒரு காற்று வந்தது. பேனர் பட்டென்று விடுபட்டுத் தெருவின் குறுக்கே பாய்ந்தது. கயிறு என் கையை இழுத்த இழுப்பில் கால் தரையில் நிற்கவில்லை. "வுட்ராதக்கா! வுட்ராத!" என்று மேலிருந்து அவன் கத்தினான்.

காற்றை நான் காகிதத்தில் மட்டுமே அறிந்திருந்தேன். அன்றைக்கு அது என்னை இழுத்தது. அந்தப் பக்கம் நீ இருந்தாய். முகம் முழுக்க உப்பி, சிரித்துக்கொண்டே, தெருவைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போகப் பார்த்தாய். எனக்கு அந்த நேரத்தில் புத்தி இருந்ததா தெரியவில்லை, "போகாதே, நில்லு, போகாதே" என்று வாய்விட்டுச் சொன்னேன். பல வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். உன் கையை நான் ஒரு தரம்கூடப் பிடித்ததில்லை. அன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டன. அம்மா. "யப்பா, இன்னா இழு இழுக்குறான் பாவி" என்று என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு முனகினார். இருவருமாகப் பின்னால் சாய்ந்தோம். காற்று விட்டதும் சட்டம் மொத்தமாகத் தரையில் இறங்கியது. நீ சாலையில் மல்லாந்து கிடந்தாய். முதல் தூறல் உன் மேல் விழுந்தது. அம்மா உட்கார்ந்து முந்தானையால் உன் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கத் தூறியது.

அக்கம்பக்கத்தில் ஒருவர், ஒழுகுகிற கூரை மேல் போட்டால் உபயோகமாக இருக்குமே என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், எல்லோரும் செய்வதுதான். அம்மா கேட்கவில்லை. சட்டத்திலிருந்து பிரித்து, உன்னைச் சுருட்டிக் கயிறு கட்டி, வீட்டுக்குள் கதவு மூலையில் நிறுத்தியிருக்கிறார். இப்போதும் அந்த வீட்டுக் கதவைத் தள்ளினால் பின்னால் ஒரு ஆள் நிற்பது போலிருக்கும். ஒவ்வொரு தரமும் திடுக்கிடுகிறேன். ஒவ்வொரு தரமும் அம்மா, "அவன்தான், நீ வா" என்கிறார்.

புயல் வரவில்லை. கடலிலேயே வலுவிழந்து, வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. சைதாப்பேட்டைக்கு ஒரு நாள் நல்ல மழையும், கொஞ்சம் காற்றும், அவ்வளவே. தம்பி போன் செய்தான். "கம்பம் அப்டியே ஸ்ட்ரெய்ட்டா நிக்கிதுக்கா. சும்மாவே எறக்க வெச்சிட்ட" என்றான். குரலில் கோபம்கூட இல்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஆமாம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். பேனர் இருந்திருந்தால், மண் அப்படி ஊறியிருந்த அன்றைக்கு அடித்த அந்தக் கொஞ்சக் காற்றுக்கே சாய்ந்திருக்கலாம். சாயாமலும் இருந்திருக்கலாம். கணக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உன் மேஜையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதாவது சொல்லியிருப்பாய். விழுந்திருக்குமா, இல்லையா என்று இனி எனக்குச் சொல்ல ஆளில்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வெறும் சந்தேகத்துக்காக ஒரு தாயிடமிருந்து பிள்ளையின் முகத்தைப் பிடுங்கினேனோ என்று மருகிப்போனேன்.

மழை விட்டபின் ஒரு சாயங்காலம் தயங்கித் தயங்கி உன் சந்துக்குப் போனேன். வடிகால் பக்கத்து மண்ணை அதற்குள் யாரோ வந்து கல் போட்டு இறுக்கியிருந்தார்கள். கம்பம் வெறுமையாக நின்றது. அதன் அடியில், அதே இடத்தில், நாற்காலியைப் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணாந்து பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

உட்கார முடியவில்லை எனக்கு. நின்றபடியே கொட்டிவிட்டேன். "அம்மா, காத்தே வரலை. கம்பம் நிக்கறது. உங்க பிள்ளையை நான் சும்மா இறக்க வெச்சுட்டேன்மா."

அவர் கீரைத்தண்டை ஒடித்துத் தட்டில் போட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சும்மாவா?" என்றார். "நான் குந்திக்கினு கீறனே, உன் கண்ணுக்குத் தெரில?"

அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டுமென்று இத்தனை எழுதினேன். அம்மா நன்றாக இருக்கிறார். அன்றைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கீரையை ஆய்ந்தேன். இருட்டும்வரை இருவரும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தோம்.